டெலிபோன் போர்டும் சுலோச்சனாவும்

மாட்டுங்கா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மூன்று தடவை போன் செய்தும் நீ ஏன் எடுக்கவில்லை என்பது அதைப் படித்த பிறகுதான் புரிந்தது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கரகரத்துப் போய்விட்டது, யாரிடமும் பேசவே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு வெகுநேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டில் இத்தனை வருஷம் உன் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான். நள்ளிரவில் கோபமாகக் கத்துகிறவர்கூட உன் குரலைக் கேட்டால் தணிந்துவிடுவார். அந்தக் குரலுக்கா இப்படி என்று மனசு ஆறவில்லை.

சரி, ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்ச நாளாக அவர் நினைப்பாகவே இருக்கிறேன். அவரும் நம்மைப் போல டெலிபோன் ஆபரேட்டர்தான்.

ரூபி மையர்ஸ் என்பது பெயர். பாக்தாத் வழி வந்த யூதக் குடும்பம், பிறந்தது 1907-இல் புனேயில். கோஹினூர் பிலிம் கம்பெனியில் இருந்த மோகன் பவ்நானி அவரை நடிக்கக் கூப்பிட்டபோது முதலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சினிமாவில் நடிப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிய காலம். பவ்நானி விடாமல் கேட்டு ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். திரையில் அவருக்குச் சுலோச்சனா என்று பெயர். ஹிந்திப் படங்களில் அம்மாவாக வருவாரே, அந்த மராட்டிக்கார சுலோச்சனா வேறு. இவர் அவருக்கு ரொம்ப முன்னால்.

ஊமைப்படக் காலத்தில் அவருக்கு இருந்த மவுசு சாதாரணமல்ல. 1927-இல் வந்த ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’ படத்தில் எட்டு வேஷம் கட்டினார். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், வாழைப்பழம் விற்கிறவள் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேஷங்கள்! பம்பாய் கவர்னரைவிட அவருக்குச் சம்பளம் அதிகம் என்று இன்றும் சொல்கிறார்கள். ‘டெலிபோன் கேர்ள்’ என்றே ஒரு படத்திலும் நடித்தார். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் அந்தக் காலத்து ஊமைப்படங்களில் முக்கால்வாசிக்கு மேல் அழிந்துபோயின. அப்போது படமெடுத்த நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பற்றும், தீயில் போகாததையும் அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள்.

இனிமேல் சொல்வதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். 1931 மார்ச் 14 அன்று இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ இங்கே மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியானது. சினிமா பேசத் தொடங்கிவிட்டது. அதை எடுத்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிக்குச் சுலோச்சனாதான் பெரிய நட்சத்திரம். ஆனால் கதாநாயகி வேஷம் ஜுபைதா என்ற நடிகைக்குப் போனது. காரணம், சுலோச்சனாவுக்கு ஹிந்தியும் உருதுவும் கலந்த ஹிந்துஸ்தானி சரளமாக வராது. அதுவரை திரையில் அவர் வாயசைத்தால் போதும், அவர் பேசுவதை எழுத்தில் போடுவார்கள். நினைத்துப் பார், கமலா. போர்டில் குரலை வைத்துச் சம்பாதித்தவர், குரலே தேவைப்படாத இடத்தில் ராணியாக இருந்தார், கடைசியில் அந்தக் குரலே அவரை வெளியே நிறுத்திவிட்டது.

எனக்கு இது சும்மா கதையாகத் தெரியவில்லை. மகள் வீட்டுக்கு வந்த இந்த இரண்டு வருஷமாக நானும் ஹிந்தி கற்றுக்கொண்டு வருகிறேன். நமக்கு ஒரு ‘க’ போதும், இவர்களுக்கு நான்கு வேண்டும். காய்கறிக்காரர் நான் சொன்னதையே திருப்பிக் கேட்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். அத்தனை பேர் கொண்டாடிய ஒருவர் அப்படி நிற்க நேர்ந்தால் எப்படி இருந்திருக்கும்!

அவர் ஒரு வருஷம் ஒதுங்கி மொழியைக் கற்றார். பிறகு தன் பழைய ஊமைப்படங்களையே ஒவ்வொன்றாகப் பேசும்படமாக நடித்துக் கொடுத்தார். 1929-இல் ‘இந்திரா பி.ஏ.’யாக வந்தவள் 1934-இல் ‘இந்திரா எம்.ஏ.’ ஆனாள்! 1928-இல் ஊமையாக நடித்த ‘அனார்கலி’யை அதே இயக்குநர் ஆர்.எஸ். சௌத்ரி 1935-இல் பேச்சோடு எடுத்தார், அதிலும் அவர்தான் அனார்கலி. ரூபி பிக்ஸ் என்று சொந்தக் கம்பெனியும் தொடங்கினார்.

அந்த மவுசு நெடுநாள் நிற்கவில்லை. புது முகங்கள் வந்தன, அவருக்குச் சின்ன வேஷங்கள் மிஞ்சின. 1953-இல் இன்னொரு ‘அனார்கலி’ வந்தது. பீனா ராய் கதாநாயகி, அதில் அனார்கலியைக் காதலிக்கும் இளவரசன் சலீமின் அம்மா ஜோதாபாயாக நடித்தவர் நம் சுலோச்சனா. என்னை ரொம்ப உலுக்கியது இதுதான். தான் இரண்டு முறை நடித்த பாத்திரத்தை இன்னொரு பெண் நடிக்க, அதே செட்டில் வயதான ராணியாக நிற்பது லேசான காரியமா? அவர் நின்றார். 1973-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது கிடைத்தது. 1983-இல் இதே ஊரில் காலமானார்.

போன வாரம் மகளோடு கிராண்ட் ரோடு பக்கம் போய் கென்னடி பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இம்பீரியல் ஸ்டூடியோ அதை ஒட்டித்தான் இருந்தது. ரயில் சத்தம் மைக்கில் விழுந்துவிடும் என்று ‘ஆலம் ஆரா’வை ராத்திரியில், ரயில் ஓடாத நேரம் பார்த்து எடுத்தார்களாம். நம் டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேசிய ‘காளிதாஸ்’ கூட அதே கம்பெனி 1931-இல் எடுத்ததுதான். இப்போது அங்கே அடிக்கடி ரயில் போகிறது. நம் நைட் டியூட்டி ஞாபகம் வந்துவிட்டது. ஊரே தூங்கும் நேரத்தில் நீ டம்ளரில் டீ ஊற்றி என் பக்கம் நகர்த்துவாயே, அது.

இங்கே எல்லோரும் சுகம். பேரனுக்கு மூன்றாம் பல் விழுந்தது. உன் வீட்டு முருங்கை மறுபடி துளிர்த்ததா? டாக்டர் சொன்ன குரல் பயிற்சியை விடாதே.

அடுத்த ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்வேன். கரகரப்பாக இருந்தாலும் சரி, ஒரு ‘ஹலோ’ மட்டும் சொல். மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.

உன்
ராஜி