ஹீத்ரோவில் என்னைக் கூப்பிட்டவர்களுக்கு

அன்புள்ள ஹீத்ரோ நண்பர்களுக்கும், மேற்கு லண்டன் தமிழ்ச் சபைகளின் அண்ணன் அக்காமார்களுக்கும்,

இந்த மாதக் கடைசியோடு லண்டன் ஹீத்ரோ விமான நிலையப் போதகர் பணியிலிருந்து விடைபெறுகிறேன். அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிவிட்டேன். ஆனால் டெர்மினல்களைச் சுத்தம் செய்கிறவர்கள், சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள், பெட்டி ஏற்றி இறக்குகிறவர்கள் என்று எத்தனையோ தமிழர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தமிழில் ஒரு வார்த்தை எழுதாமல் போக மனம் வரவில்லை.

ஏர்போர்ட்டில் போதகருக்கு என்ன வேலை என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். பிரசங்கம் மிகக் குறைவு. சாவுச் செய்தி கேட்டு அவசரமாகப் பறக்கிறவர், விசா சிக்கலில் திருப்பி அனுப்பப்படுகிறவர், வரவேற்க ஆள் வராமல் நிற்கிற பெண், இரவு பஸ்ஸில் வந்து நாற்காலியில் தூங்கும் வீடில்லாதவர், இவர்களோடு உட்காருவதுதான் வேலை. 2024-ல் இந்த நிலையத்தின் வழியாகப் போனவர்கள் 8.39 கோடி பேர். அந்தக் கூட்டத்தில் யார் உடைந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுப் போன் செய்தீர்கள். நான் செய்ததாகச் சொல்லப்படும் காரியங்களில் பெரும்பாலானவை உங்கள் கண்ணில் தொடங்கியவை. இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சம்பவத்தை அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு எழுதுகிறேன். கொழும்பிலிருந்து வந்து டொராண்டோ போகவிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த கணவரைப் பார்க்கப் புறப்பட்டவர். விமானம் வானில் இருக்கும்போதே கணவர் இறந்துவிட்டார். மகள் கனடாவிலிருந்து விமானக் கம்பெனிக்குப் போன் செய்து, 'அம்மாவிடம் யாராவது தமிழில் சொல்லுங்கள், தனியாக விட்டுவிடாதீர்கள்' என்று அழுதிருக்கிறார். டெர்மினல் 3-ல் வேலை பார்க்கும் ஒரு தங்கைக்குத்தான் என் ஞாபகம் வந்தது. நான் போய்ச் சேரும்வரை, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அவரே வாசலில் நின்றார்.

அம்மாவின் நெற்றியில் திருநீறு இருந்தது. மடியில் ஒரு துணிப்பை. உள்ளே பனங்கட்டியும் ஒடியல் மாவும். 'அவருக்குத்தான் கொண்டு போறன் தம்பி' என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வெகுநேரம் அவர் அந்தப் பையை விடவே இல்லை. நான் ஜெபிக்கலாமா என்று கேட்கவில்லை, என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்டேன். ஒரு பதிகம் கேட்க வேண்டும் என்றார். எங்கள் பல்சமயக் குழுவில் இருக்கும் இந்து சகோதரருக்குப் போன் போட்டேன். வேலையில் இருந்தவர் அப்படியே ஒதுங்கி நின்று, போனிலேயே முழுப் பதிகத்தையும் பாடினார். சகோதரரே, அன்று நீங்கள் செய்ததை நான் மறக்க மாட்டேன். அப்புறம் டெர்மினல் 2-க்கு மாறும்போது சக்கர நாற்காலி தள்ளி வந்த பஞ்சாபி அண்ணனுக்கும், பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துக் கொடுத்த கவுண்டர் பெண்ணுக்கும் என் வணக்கம். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பாதுகாப்புச் சோதனையில் நிற்கும் நண்பர்களே, சோதனை எனக்கும் எல்லோரையும் போலத்தான், அதுதான் சரி. ஆனாலும் நோயாளிக்குப் பூசும் எண்ணெய்ச் சீசாவையும் திருவிருந்துப் பெட்டியையும் நீங்கள் இரண்டு கைகளாலும் எடுத்து, பார்த்து, திருப்பி வைத்தீர்கள். உங்களில் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை. அந்த மரியாதையை ஒவ்வொரு முறையும் கவனித்தேன்.

கொரோனாக் காலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019-ல் 8 கோடியைத் தாண்டிய பயணிகள் எண்ணிக்கை 2020-ல் 2.2 கோடியாக விழுந்தது. டெர்மினல் 3-ம் 4-ம் மூடப்பட்டன. ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ், சவுத்ஹால் பக்கம் கணவன் மனைவி இருவரும் ஏர்போர்ட்டையே நம்பியிருந்த வீடுகள் பல. வேலை போனதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர்களின் வாசலில், பெயர் சொல்லாமல் அரிசி, பருப்பு, பால்மா வைத்துவிட்டு வந்த சபை இளைஞர்களுக்கு நன்றி. உதவிப் பட்டியலில் இருப்பவர் கிறிஸ்தவரா என்று ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை. அடக்க ஆராதனைக்கு ஆட்கள் கூட முடியாத நாட்களில், இறந்த சக ஊழியர்களுக்காக ஆளுக்கொரு வீட்டிலிருந்து போனில் ஜெபித்த அக்காமாருக்கும் நன்றி.

2025 மார்ச் 21-ம் தேதியும் அப்படித்தான். பக்கத்து நார்த் ஹைட் துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து ஹீத்ரோ முழுவதும் மூடப்பட்டபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளின் பயணம் குலைந்தது. முந்திய இரவில் ஹேய்ஸில் பல வீடுகளில் கரண்ட் இல்லை. அந்த வீடுகளிலிருந்தே சிலர் எனக்குப் போன் செய்து, 'பாஸ்டர், யாராவது தங்க இடமில்லாமல் நின்றால் அனுப்புங்கள், கட்டில் இல்லை, பாய் இருக்கிறது' என்றீர்கள். அன்று உங்கள் வீட்டில் தங்கிய மாணவன் ஒருவன் இன்னமும் உங்களை அத்தை என்றுதான் சொல்கிறான்.

செயின்ட் ஜார்ஜ் சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். 1968-ல் திறக்கப்பட்ட அந்தச் சிற்றாலயம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், மற்றச் சபையார் எல்லோருக்கும் பொதுவானது. மேலே பஸ்ஸும் காரும் ஓடிக்கொண்டே இருக்கும். படியிறங்கி உள்ளே போனால் மெழுகுவர்த்தி எரியும், பூ வாடாமல் இருக்கும். வைத்தது யார் என்று பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எனக்குப் பின் வருகிறவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்பவர். தமிழ் பேசுகிற யாருக்காவது தேவைப்பட்டால் மொழிபெயர்க்கக் கூப்பிடலாம் என்று உங்களில் சிலருடைய நம்பரை, உங்களைக் கேட்டுத்தான், அவரிடம் கொடுத்திருக்கிறேன். இரவு எந்நேரமானாலும் எடுங்கள். யாரையாவது பார்த்து உங்களுக்கு மனசு சரியில்லை என்றால், 'இதற்கெல்லாமா போன் செய்வது' என்று யோசிக்காமல் என்னைக் கூப்பிட்டது போலவே அவரையும் கூப்பிடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பாஸ்டர்