செட்டிநாட்டு வீடுகளின் கூரைக்குப் பணம் ஒதுக்குங்கள்

தமிழ்நாடு அரசின் நிதித் துறைக்கும் சுற்றுலா, பண்பாட்டுத் துறைக்கும் வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல், உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வண்டி வண்டியாக ஆட்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். சந்தோஷம். ஆனால் அதே ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை விழாமல் நிறுத்தி வைக்க, எப்போதோ ஒரு முறை வரும் பெரிய திட்டத்தைவிட, வருஷம் தவறாமல் வரும் சின்னத் தொகைதான் உதவும்.

முதலில் வளவுக் கூரையில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூரையில், ஒரு ஓடு விலகும். குரங்கு மிதித்திருக்கும், இல்லையென்றால் காற்று. ஐப்பசி மழை அந்த வழியாக, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தை நனைத்து, அதற்குக் கீழே இருக்கும் கைமரத்தில் இறங்கும். பர்மா தேக்குதான், சட்டென்று மக்காது. ஆனால் வருஷக்கணக்கில் ஈரத்திலேயே கிடந்தால் எந்த மரம் தாங்கும்? அடுத்தது சுவர். முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிரும். அவசரத்துக்கு யாராவது சிமெண்ட் பூசுவார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். அப்புறம் செங்கல்லே பொடிந்துபோகும். நாலு ஓடு மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை லட்சங்களில் போய் நிற்கும்.

வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) இந்த வீடுகளைக் கட்டிய பணம் பெரும்பாலும் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடந்த லேவாதேவியில் வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவில் நுழைந்ததும் அந்த வரவு அறுந்தது. வீடு நின்றது, பங்காளிகள் பெருகினார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டுக்கு, ஊர் ஊராக இருக்கும் இத்தனை பேரிடம் ஓடு மாற்றும் கூலி வசூலிப்பது லேசல்ல. கடைசியில் இடித்துப் பங்கு போடுவதே சுலபம் என்றாகி, தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1966-ஆம் ஆண்டின் மாநிலத் தொல்லியல் சட்டம் அரசு அறிவித்த சின்னங்களுக்கானது. குடும்பங்களின் கையில் இருக்கும் இத்தனை வீடுகளையும் அந்த வழியில் ஏற்க முடியாது, ஏற்கவும் வேண்டாம். செலவைப் பகிர்ந்துகொண்டால் போதும். புதுச்சேரி வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு தமிழ் வீடுகளின் முகப்பைச் சீரமைத்தபோது வீட்டுக்காரர்களும் பங்கு கொடுத்தார்கள். நகரத்தார் தொழில் நடத்தக் கிட்டங்கி வைத்திருந்த மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் 2008-ல் உலக மரபுச் சின்னமான பிறகு, தனியார் கட்டடங்களுக்கும் மானியம் கிடைத்தது.

இங்கேயும் பாதிக்குப் பாதி மானியம் கொடுங்கள். கூரை, தண்ணீர் வடிகிற வழி, சுண்ணாம்பு வேலை, இந்த மூன்றுக்கு மட்டும். பங்காளிகளில் பெரும்பான்மையோர் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் போட வேண்டும் என்றால் ஒரு மனுகூட வராது. பணம் வாங்கிய வீட்டில் குறிப்பிட்ட காலத்துக்குத் தூணையோ நிலையையோ கழற்றி விற்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் வேலை பழகும் இளைஞர்களுக்கு, பழகும் காலத்திலும் கூலி கிடைக்க வழி செய்யுங்கள்.

மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும். அதனால் மானியம் சித்திரை, வைகாசியிலேயே கைக்கு வந்துவிட வேண்டும். புரட்டாசியில் வந்தால் அந்த வருஷமும் வீடு நனையும்.