நம் நாய் செவலிக்குக் கூடு போட்ட விவரம்

மக்களே,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்கு முட்டுவலி உண்டு, அது பழையதுதான். தங்கச்சி போன வாரம் கருங்கல்லில் இருந்து பிள்ளையோடு வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனாள். பெரியம்மை வீட்டுக் காரியம் நீ அறிந்திருப்பாய், அதை நான் எழுதவில்லை.

மேலவீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தில் ஷார்ஜாவுக்குப் பிளேன் ஏறுகிறான். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் அம்மை கட்டி வைத்திருக்கிறாள், அதற்குள் இந்தக் கடிதம் இருக்கும். நீ ரூம் மாறிவிட்டாய் என்று அவன்தான் சொன்னான். புது விலாசம் கேட்டதற்கு, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாயாம். சரி. போன் செய்தால் சைட்டில் நிற்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய். போன மாதம் பேசியபோது இரண்டு தடவை இருமினாய். மாஸ்க் கட்டுகிறாயா? பிளைவுட் தூசி தேக்குத் தூசி மாதிரி இல்லை மக்களே, அதில் பசையும் உண்டு. தாத்தாவுக்குக் கடைசியில் மூச்சு முட்டினது நீ கண்டதுதான்.

செவலிக்குக் கூடு போட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவளுக்கு வயது 11 ஆகிவிட்டது. பின்கால் இரண்டும் தளர்ந்துபோயிற்று. பட்டறைச் சாய்ப்பில் மரத்தூளில்தான் படுப்பாள். இடவப்பாதி மழை பிடித்ததும் சாரல் உள்ளே அடித்துத் தூள் எல்லாம் சேறாகிவிட்டது. ராத்திரி நடுங்கிக்கொண்டு வாசல்படியில் வந்து நிற்பாள். ஒக்கிப் புயலில் விழுந்த அயனி மரத்தை அறுத்து அடுக்கி வைத்திருக்கிறோமே, அதில் செய்துவிடலாம் என்று ஒரு பலகையை எடுத்தேன். வலது தோள், பலகை சீவுகிற இழைப்புளியைத் தள்ள விடவில்லை. அம்மையிடம் சொல்லவில்லை, பலகை ஈரமாக இருக்கிறது என்று சொன்னேன். 2017-இல் விழுந்த மரம் இன்னுமா ஈரமாக இருக்கும்? அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு மார்த்தாண்டத்தில் 12 மில்லிமீட்டர் பிளை இரண்டு ஷீட் வாங்கினேன். கடைக்காரர் சாதாரணம்தான் எடுத்துக் காட்டினார். 710 நம்பர் அடித்ததுதான் வேண்டும் என்று நின்றேன். 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தாலும் அடுக்குப் பிரியாது என்று நீதான் ஒருநாள் சொல்லித் தந்தாய். அன்றைக்கு நான் காது கொடுக்காதவன் மாதிரி இருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த மாதம் ரூபாய் வந்தது. வேறு ஒருவர் பெயரில் இருந்து வந்திருக்கிறது என்று பேங்கில் இருக்கிற பிள்ளை படித்துச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ரூபாய் அனுப்ப வேண்டாம் மக்களே. வீட்டில் இரண்டு பேரும் ஒரு நாயும், எங்களுக்கு என்ன செலவு? உன் வயிற்றுக்கு நேரத்துக்குச் சாப்பிடு.

வில்லுக்குறிப் பக்கம் ஒரு பட்டறையில் கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகை வெட்டுகிற சி.என்.சி. ரவுட்டர் மிஷின் போட்டிருக்கிறார்கள். பூஜை அறைக் கதவு, சல்லடை மாதிரி ஜாலிப் பலகை, பேர்ப்பலகை எல்லாம் வெட்டுகிறார்கள். மூன்று தடவை அந்த வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். நாலாவது தடவை உள்ளே போனேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்தான் மிஷினில் நிற்கிறான். நான் தாளில் கோல் கணக்கில் வரைந்து கொண்டு போயிருந்தேன். மூக்கில் இருந்து வால் முளைக்கிற இடம் வரை செவலியை அளந்து, சுற்றித் திரும்பிப் படுக்க அதில் கால் பங்கு கூட்டி, நீளம் 1 கோல் 10 விரல், அகலம் 1 கோல். வாசல் 10 விரல் அகலம், நடுவில் இல்லை, ஓரமாக. பையனுக்கு விரல் தெரியவில்லை. கோலுக்கு 24 விரல், விரலுக்கு 3 சென்டிமீட்டர் என்று சொல்லிக்கொடுத்தேன். 1020, 720, 300 என்று மளமளவென்று போட்டுக்கொண்டான். இரண்டரை ஷீட் ஆகும் என்பது என் கணக்கு. அவன் திரையில் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்து, கூரைச் சரிவின் முக்கோணத்தை முக்கோணத்தோடு ஒட்டி, இரண்டில் அடக்கிவிட்டான்.

நம் மழை உனக்குத் தெரியும். இப்போது மேற்கே கடலில் இருந்து அடிக்கும், அதனால் வாசல் கிழக்கே பார்த்து. ஐப்பசியில் அதே மழை கிழக்கே இருந்து இடியோடு திரும்பி வரும். அதற்கு உள்ளே ஒரு மறைப்புப் பலகை வைத்தேன். வாசலில் நுழைந்து ஒரு திருப்பம் திரும்பினால்தான் படுக்கிற இடம். கூரைக்கு அடியில் காற்றுக்கு வரிசையாக ஓட்டை. அயனியில் நாலு கால், ஒவ்வொன்றும் 4 விரல் உயரம். அந்த நாலை மட்டும் நான் கையால் செய்தேன்.

பையன் பிளையின் கனத்தை வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தான். 12 என்று விற்றது 11.6 தான். துளை 12 விட்டால் ஆடும், 11.6 விட்டால் ஏறாது என்று 11.8 போட்டான். முதலில் கழிவுத் துண்டில் ஒரு நாக்கும் ஒரு துளையும் வெட்டி, சேர்த்துப் பார் தாத்தா என்று என் கையில் தந்தான். அடித்து இறக்கக் கொட்டாப்புளி எடுக்க வேண்டி வரவில்லை. பெருவிரலால் அமுக்கினேன், உள்ளே போய் நின்றது. 43 வருஷமாக உளி பிடிக்கிறேன் மக்களே, அப்படி ஓர் இறுக்கம் என் கைக்கு எத்தனை தடவை வந்திருக்கும்?

பிறகு மிஷினை ஓட்டினான். நிமிஷத்துக்கு 18,000 சுற்றாம். ஒரே இறக்கத்தில் வெட்டாமல் நாலு நாலு மில்லிமீட்டராக மூன்று இறக்கம். துண்டு பறந்துவிடாமல் இருக்க அங்கங்கே சின்னப் பாலம் விட்டுவிட்டு வெட்டுகிறது. நீ தினமும் இதன் பக்கத்தில்தான் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டு நானும் நின்றேன். அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கிடந்தது. காதுக்கு ஏதாவது வைக்கிறாயா? மாஸ்க் கட்டு. அந்தப் பையனும் கட்டவில்லை, அவனையும் சத்தம் போட்டேன்.

உள்மூலை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டுகிற 6 மில்லிமீட்டர் பிட் உருண்டை, சதுர மூலை வராது. அதற்காக மூலையில் கொஞ்சம் அதிகமாகக் குடைந்து விடுகிறார்கள், எலும்பு முனை மாதிரி. பெயரும் டாக் போன் என்றுதான் சொன்னான். உளியால் நான் சதுரம் எடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். இரண்டு மூலை எடுத்தேன். பிளையில் ஓர் அடுக்கு நெடுக்கே ஓடும், அடுத்தது குறுக்கே ஓடும். நெடுக்கில் உளி ஒழுங்காக இறங்கியது, குறுக்கில் சிலும்பிப் போயிற்று. மீதி மூலைகளை அவன் வழிக்கே விட்டேன். அவன் செய்ததுதான் சரி.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? முன்வாசல் பூமுகத்து மர மச்சில் 90 பூ, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை என்று சொன்னேன். நீ கழுத்தை அண்ணாந்து எண்ணி 87 என்றாய். இல்லை, திரும்ப எண்ணு என்றேன். நாலு தடவை எண்ண வைத்தேன். கழுத்து வலிக்கிறது என்று நீ அழுதாய், ஆசாரி வீட்டுப் பிள்ளைக்குக் கழுத்து வலிக்கக் கூடாது என்றேன். அம்மை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். உன் கண்ணும் கணக்கும் எப்படிப்பட்டவை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை.

நீயும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறாய். ஓணத்துக்குக் கூப்பிட்டாய், கிறிஸ்துமஸுக்கு மேலவீட்டாரைக் கூப்பிட்டுப் பேசினாய், நம் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அம்மை அன்று முழுவதும் போனைச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்தாள்.

ஒரு காரியம் எழுத வேண்டும். எழுதாமல் மடித்துவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவை வைத்தேன்.

2019-இல் நீ இதே மாதிரி மிஷினுக்குக் கொட்டேஷன் வாங்கி பேங்கில் கொடுத்தாய். லோன் கிடைக்காதாம் என்று நான் வந்து சொன்னேன். பேங்க்காரர் அப்படிச் சொல்லவில்லை மக்களே. வீட்டுப் பிரமாணப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுங்கள், ஆகிவிடும் என்றுதான் சொன்னார். பையனுக்கு அனுபவம் போதாது, நம் ஊரில் இது ஓடாது என்று சொல்லிவிட்டு நான்தான் எழுந்து வந்தேன். பிரமாணம் அப்போது பையில்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது வீடு போய்விடும் என்று பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும் இல்லை. நீ அந்த மிஷினை நம் பட்டறையில் கொண்டுவந்து வைத்தால் என் கையை யார் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். மகனைப் பார்த்து எரிந்தேன். நீ அந்த வருஷமே பாஸ்போர்ட் எடுத்தாய். ஷார்ஜாவுக்குப் போய் யாருடைய மிஷினிலோ நிற்கிறாய்.

அம்மைக்கு இது தெரியாது. இந்தக் கடிதத்தை ஒட்டின பிறகு சொல்லுவேன்.

உனக்கு அங்கே என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெயர் யாருடையது என்றும் கேட்கவில்லை. யாரிடமாவது வாங்கி அனுப்பியிருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்க இங்கே இருந்து நான் அனுப்புகிறேன். அயனிப் பலகைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிக்கெட் எடுத்து வா. பிரமாணத்தை அலமாரியில் இருந்து வெளியே எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நீயே கொண்டு போ, எங்கே கையெழுத்து என்று காட்டு.

கூடு முடியவில்லை. வெட்டு விளிம்பெல்லாம் பிரைமர் இரண்டு கை கொடுத்திருக்கிறேன், பிளை தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தானே. உள்ளே பெயின்ட் அடிக்கவில்லை, அவள் கடிப்பாள். கூரை கழுவுவதற்குத் திறக்கிற மாதிரி கீல் வைக்க வேண்டும், மேலே அலுமினிய ஷீட் போட வேண்டும். செவலி பகலில் போய்ப் படுக்கிறாள். ராத்திரி பசை வாடைக்கோ என்னவோ வெளியே வந்துவிடுகிறாள்.

அந்தப் பையனுக்கு ஒரு சந்தேகம். மேலே இழுக்கிற பிட் போட்டால் மேல்முகம் சிலும்புகிறது, கீழே அமுக்குகிற பிட் போட்டால் அடிமுகம் சிலும்புகிறது என்கிறான். இரண்டு முகமும் சுத்தமாக வர என்ன பிட் போட வேண்டும்? என் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவன் வெள்ளிக்கிழமை தோறும் கேட்கிறான். இதற்காவது கூப்பிடு.

மாஸ்க் கட்டு.

அப்பா