பிடரியில் அடிக்கும் காற்று: கூரை திறக்கும் கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்து லண்டனில் வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் கடைக்கு வரும் முதல் கேள்வி, "விண்ட் டிஃப்ளெக்டர் இருக்கா, என்ன விலை?" என்பதுதான். இருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் நின்று காற்றை மறிக்கும் தடுப்புதான் அது. ஆனால் விலையைச் சொல்லும் முன் நாங்கள் திருப்பி நாலு கேள்வி கேட்போம். எந்த ஆண்டு வண்டி, பின்னால் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி வளையம்) உண்டா, நீங்கள் எவ்வளவு உயரம், காற்று உடம்பில் எங்கே படுகிறது? சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. ஏன் கேட்கிறோம் என்று எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம். நம்மிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைக் கார் ஓட்டுகிறவர்கள் என்பதால் அதை வைத்தே சொல்கிறோம். (பக்கக் கண்ணாடி மேல் மழைக்காக மாட்டும் பட்டை வேறு சாமான். இங்கே பேச்சு இருக்கைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பைப் பற்றி.)

கூரையைத் திறந்தால் காற்று முன்னாலிருந்து முகத்தில் அறையும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. வண்டி வேகம் எடுத்ததும் காற்று முன் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டி உங்கள் தலைக்கு மேலாகப் பாய்ந்து போய்விடுகிறது. அப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் அழுத்தம் குறைகிறது. அதை நிரப்பப் பின்பக்கத்துக் காற்று சுழன்று திரும்பி, இரண்டு இருக்கைக்கும் நடுவிலும் தோள்களுக்கு மேலும் புகுந்து முன்னோக்கி வருகிறது. பிடரி சில்லிடுவதும் பின்னால் பறக்க வேண்டிய கூந்தல் முன்னால் வந்து வாயில் விழுவதும் அதனால்தான். டிஃப்ளெக்டர் செய்வது ஒரே வேலை: திரும்பி வரும் இந்தக் காற்றை மறிப்பது.

ஆகவே அதனால் ஆகாததும் தெளிவு. ஆறடிக்கு மேல் உயரமானவருக்கு முன் கண்ணாடியைத் தாண்டி வரும் காற்று நேரே நெற்றியில் படும். பின்னால் எவ்வளவு பெரிய பலகையை வைத்தாலும் அது குறையாது. இருக்கையை ஒரு படி இறக்கிப் பாருங்கள், காசு செலவில்லை. சத்தமும் அப்படித்தான். மோட்டார்வேயில் எழுபது மைல் வேகத்தில் போகும்போது குளிர் நன்றாகக் குறையும்; இரைச்சல் அந்த அளவுக்குக் குறையாது. டிஃப்ளெக்டர் போட்டால் கூரை மூடியதுபோல் அமைதியாகிவிடும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு பக்கக் கண்ணாடியையும் முழுக்க ஏற்றிவிட்டு, காலுக்கு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, வழக்கமான உங்கள் பாதையில் ஒரு சுற்று போய் வாருங்கள். பக்கக் கண்ணாடி ஏற்றுவதிலேயே பாதி வித்தியாசம் தெரியும், சிலருக்கு அதுவே போதும். போதவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரை இருக்கைகளுக்கு நடுவே உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டி வைக்கச் சொல்லுங்கள். காற்று கையைத் தள்ளுகிறதா? அப்படியென்றால் தடுப்புக்கு அங்கே வேலை இருக்கிறது.

இனி வண்டிக்கு வருவோம். எம்எக்ஸ்-5-இன் நாலு தலைமுறைகளுக்கும் என்ஏ, என்பி, என்சி, என்டி என்று பெயர். 1989 முதல் 1997 வரையிலான என்ஏ, அதன் பின் 2005 வரை வந்த என்பி, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கைக்குப் பின்னால் நிலையான வளையம் கிடையாது. தடுப்பைப் பிடித்து நிறுத்தவே ஓர் ஆதாரம் வேண்டும்: சீட் பெல்ட் தூண்களில் மாட்டும் வகை, அல்லது பின்னர் பொருத்திய பாரில் கட்டும் வகை. பாரைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளவென்று அழகுக்காக விற்கும் ஸ்டைல் பார் வேறு, வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் வேறு. தடுப்பை மாட்ட இரண்டுமே உதவும். உயிரைக் காக்க முதலாவதை நம்ப முடியாது. இந்த இரண்டு தலைமுறைக்கும் டிஃப்ளெக்டர் தரும் பலன்தான் மிகப் பெரிது, செலவு செய்யலாம்.

2005-இல் வந்த என்சி, 2015 முதல் வரும் என்டி இரண்டிலும் இருக்கைக்குப் பின்னால் வளையங்கள் உண்டு. என்டியில் அவற்றுக்கு நடுவே கம்பெனியே ஒரு சிறு தெளிவான தடுப்பையும் வைத்துத் தருகிறது. அதைக் கவனிக்காமலே புதிதாக வாங்க வருபவர்கள் உண்டு. நாங்கள் விற்பது அதைவிட உயரமும் அகலமும் கூடியது. சராசரி உயரமுள்ளவர், ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் என்றால் எங்கள் பொருள் உங்களுக்குத் தேவையில்லை, உள்ளதே போதும். நெடுந்தூரம் போகிறவர், கழுத்துவலிக்காரர் என்றால் யோசிக்கலாம். என்டியிலேயே கெட்டியான கூரை மடங்கும் ஆர்எஃப் வகை வைத்திருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் கூரை திறந்தாலும் பின் தூண்கள் அப்படியே நிற்பதால் காற்றின் போக்கே மாறிவிடும்.

வலையா, அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக் பலகையா? கடையில் அதிகம் நடக்கும் வாக்குவாதம் இது. அக்ரிலிக் பார்க்க அழகு, காற்றை முழுதாக மறிக்கும், ஓட்டும்போது உள் கண்ணாடியில் பின்பக்கம் தெளிவாகத் தெரியும். ஆனால் இரவில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு அதில் பட்டு எதிரொளிக்கும். அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு தெளிவான பிளாஸ்டிக் அவ்வளவு எளிதில் உடையாது, ஆனால் மேல்பூச்சு இல்லாவிட்டால் சீக்கிரம் கீறல் விழும், வெயிலில் மஞ்சளாகும். இரண்டையும் அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரேயால் துடைக்கவே கூடாது. நுண்ணிய வெடிப்புகள் ஓடிவிடும். வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவுதான். வலை காற்றைக் கொஞ்சம் விடும், பின்பக்கத்தைக் கொஞ்சம் இருட்டாக்கும். ஆனால் இரவு விளக்கின் கூச்சத்தைக் குறைக்கும், எடை குறைவு, கீழே விழுந்தாலும் கவலையில்லை. பழைய வண்டிக்கு எங்கள் ஓட்டு வலைக்கே. ஆனால் பொருளைவிட முக்கியம் இடைவெளி. விலை உயர்ந்த பலகையை வாங்கிவிட்டு வளையத்துக்கு அடியிலும் ஓரங்களிலும் ஓட்டை விட்டால் காற்று அந்த வழியாக உள்ளே வந்துவிடும்.

உயரம் கூடக் கூட நல்லது என்பதும் சரியல்ல. மேல் விளிம்பு உங்கள் காதளவுக்கு வந்தால் போதும். அதற்கு மேல் போனால் கூரை மூடும்போது இடிக்கும், கோடையில் உள்ளே புழுங்கும். மாட்டியதும் கூரையை மெதுவாக ஒருமுறை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். ரோல் பாரில் துளை போடும் எந்த வகையையும் நாங்கள் பொருத்தித் தருவதில்லை.

நாலு இருக்கை வண்டிக்காரர்களுக்குச் சுருக்கமாக: உங்களுக்கானது பின் இருக்கையை மூடும் மடக்கு வலை. அது இருக்கும்போது பின்னால் ஆள் உட்கார முடியாது. கவிழும்போது மட்டும் வெளியே பாயும் ரோல் பார் உள்ள வண்டிகளில் அந்த இடத்துக்கு மேல் எதையும் கட்டக் கூடாது. மெர்சிடிஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1989-இல் வந்த எஸ்எல்லிலேயே வலைத் தடுப்பு கிடைத்தது. 2004-இல் வந்த எஸ்எல்கேயில் தலைச்சாய்வுக்குள்ளிருந்து கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று ஊதும் வசதியையே கொண்டுவந்தார்கள். குளிர் எங்கே தாக்குகிறது என்று அவர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள், பாருங்கள்.

கடைக்கு வர முடியாதவர்கள் கூரையைத் திறந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் நீங்கள் உட்கார்ந்த நிலையில் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். வளையங்களுக்கு இடையே உள்ள அகலத்தைச் சென்டிமீட்டரில் குறியுங்கள். மாட்டிய பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்புறம், வண்டியோடு வந்த பழைய தடுப்பையும் திருகுகளையும் தூக்கிப் போடாதீர்கள். விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

அன்புடன்,
கடையிலிருந்து