கடல காட்டி வண்டி வித்துட்டு, கடல் தண்ணி பட்டா வாரண்டி இல்லைன்னா எப்படி?

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: துரு வாரண்டி மறுத்தது, வாங்கும்போது தப்பான விவரம் குடுத்தது சம்பந்தமா

வணக்கம். உங்க கம்பெனியோட ஆல் வீல் டிரைவ் எஸ்யூவில டாப் வேரியன்ட் வாங்கி ஓட்டிட்டு இருக்கேன். வாங்குனதே தூண்டில் போடப் போறதுக்குத்தான், வேற காரணமே இல்ல, வேலைக்கு போக வர எனக்கு பைக்கே போதும். ஷோரூம்ல உக்காந்த உடனேயே இத உங்க சேல்ஸ் ஆள்கிட்ட தெளிவா சொல்லிட்டேன். மணல்ல இறக்கி ஓட்டணும், சின்ன ஃபைபர் படக டிரெய்லர்ல வச்சு இழுக்கணும், ராம்ப்ல ரிவர்ஸ் எடுத்து தண்ணில இறக்கணும், ஏழடி தூண்டில் ராடு கழட்டாம உள்ள போகணும், ஈரமும் கவிச்சியும் தாங்கணும்னு ஒண்ணொண்ணா சொன்னேன். அவரும் எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, "சார் நீங்க சொல்ற வேலைக்குன்னே இருக்குற வண்டி இது, டாப் வேரியன்ட்டே எடுங்க, அதுலதான் எல்லாம் வருது"ன்னாரு. உங்க பிரவுச்சர் முதல் பக்கத்துலயும் இதே வண்டி அலை ஓரமா ஈர மணல்ல நிக்குது, ரூஃப்ல ராடு கட்டியிருக்கு.

இப்ப பின்பக்க சப்ஃபிரேம் (பின் வீல தாங்குற அடிச்சட்டம்) போல்ட், டோ பார் (டிரெய்லர் மாட்டுற கம்பி) பிராக்கெட், ஸ்டெப்னி குழி எல்லாம் துரு ஏறிப்போச்சு. சர்வீஸ் சென்டர்ல லிஃப்ட்ல ஏத்தி பாத்துட்டு, "உப்புத் தண்ணி பட்டிருக்கு, வெளிச் சூழலால வந்த பாதிப்பு, வாரண்டில வராது"ன்னு ஜாப் கார்டுல எழுதி கையில குடுத்துட்டாங்க. விக்கும்போது எந்த கடல காட்டுனீங்களோ அதே கடலயே காரணம் காட்டி வாரண்டிய தட்டிக் கழிக்கிறீங்க, இதத்தான் என்னால ஏத்துக்கவே முடியல.

ஒவ்வொரு தடவ கடலுக்கு போயிட்டு வந்ததும் நல்ல தண்ணில அடிப்பக்கம் முழுக்க, வீல் ஆர்ச் உள்பக்கம் வரைக்கும் ஹோஸ் புடிச்சு கழுவிட்டுத்தான் வண்டிய நிறுத்துவேன். அப்படி கழுவியும் எப்படி துரு வந்துச்சுன்னு நானே உக்காந்து தேடுனேன். டிக்கி கார்பெட்ட தூக்கி அடி போர்ட எடுத்தா கீழ ஸ்டெப்னி குழி. ஐஸ் பாக்ஸ்ல இருந்து கசிஞ்ச தண்ணி, ஈர வலை, கால்ல ஒட்டி வந்த மணல்னு எல்லாம் கார்பெட் ஓரத்து இடைவெளி வழியா அதுக்குள்ளதான் இறங்குது. ஜாக்கி வைக்கிற ஸ்பாஞ்ச் டிரேய அமுக்குனா தண்ணி பிழியுது, அடியில விரல் விட்டா உப்பு மணல் சேறா கிடக்கு, ஸ்டெப்னியோட இரும்பு ரிம் கீழ் பாதி பூரா செவந்து பொரிஞ்சு போயிருக்கு. அந்த குழில இருக்குற ரப்பர் மூடி, தண்ணி தானா வெளிய போற மாதிரி இல்ல, துரு தடுக்க அடிப்பக்கம் பூசுற அண்டர்கோட்டிங்க மேலயே அடிச்சு ஒட்ட வச்சிருக்கீங்க, ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பித்தான் எடுத்தேன். இது நான் ஓட்டுன விதத்தால வந்தது இல்ல, டிசைன் குறை.

உப்பு என்ன பண்ணும்னு உங்க இன்ஜினியருங்களுக்கு தெரியாதா. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனாலே சாதாரண உப்பு அந்த ஈரத்த இழுத்து தானே கரைஞ்சு நிக்கும், அதனால இடுக்குல மாட்டுன உப்பு வண்டி வீட்ல நிக்கும்போதும் காயாது, ராத்திரி பகலா அரிச்சுக்கிட்டே இருக்கும். வெளிய தெரியுற இடத்த நான் கழுவலாம், கதவுக்கு கீழ மூடுன பெட்டி மாதிரி இருக்குற சைடு சில் உள்ள நான் எப்படி கை விடுறது? அங்க மெழுகு ஸ்பிரே அடிச்சு அனுப்ப வேண்டியது நீங்க. அதோட அலுமினிய பிராக்கெட்ட இரும்பு போல்ட் போட்டு முடுக்கியிருக்கீங்க, நடுவுல ஒரு வாஷர் கூட இல்ல, ரெண்டு உலோகம் தொட்டுக்கிட்டு உப்புத் தண்ணியும் சேந்தா அலுமினியம் வெள்ளப் பொடியா உதிரும், என் வண்டில அப்படியேதான் உதிர்ந்திருக்கு. துரு வாரண்டி இத்தன வருஷம்னு பெருசா போட்டிருக்கீங்களே, கடைசி பக்கம் வரைக்கும் படிச்சா அது உள்பக்கமா அரிச்சு தகடு ஓட்டை விழுந்தா மட்டும்தானாம், மேல வர்ற துரு, அடிப்பக்க பார்ட்ஸ் எதுவும் சேராதாம். இத ஷோரூம்ல ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்லல.

அடுத்தது மணல். ஆல் வீல் டிரைவ்னு எழுதுனா போதும்னு நினைக்கிறீங்க. இதுல மெதுவா, அதிக இழுவையோட ஏற உதவுற லோ ரேஞ்ச் கியர் கிடையாது, முன் வீல் பிடி இல்லாம வழுக்கி சுத்துனா மட்டும் நடுவுல இருக்குற ஒரு கிளட்ச் பின் வீலுக்கு பவர் அனுப்புது. ஈர ரோட்டுக்கும் சேத்துக்கும் அது போதும், இல்லைன்னு சொல்லல. ஆனா உலர்ந்த மணல்ல ஸ்லோவா ஏறும்போது அந்த கிளட்ச் தொடர்ந்து வழுக்கி சூடாயிடுது, டேஷ்போர்டுல சூடு வார்னிங் வந்து பின் வீல் கட் ஆயிடுச்சு, அலை ஏறிக்கிட்டு வர்ற நேரத்துல ரெண்டு வீல வச்சுக்கிட்டு நின்னேன். சேந்து தூண்டில் போட வந்த அண்ணன் பழைய லோ ரேஞ்ச் பிக்கப்புல கயிறு கட்டி இழுத்து விட்டாரு. அதுக்கும் உங்க வண்டில முன்பக்கம் ஒழுங்கான கொக்கி இல்ல, பம்பர் மூடிய நெம்பிட்டு திருகிப் போடுற ஒரு வளையம்தான், அது ரோட்ல மெதுவா கட்டி இழுக்கத்தான், புதைஞ்ச வண்டிய வெடுக்குனு இழுக்க இல்லன்னு உங்க மேனுவலே சொல்லுது.

இதுல எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் டயர். மணல்ல போறவன் முதல்ல பண்றது காத்து குறைக்கிறது, 18 பி.எஸ்.ஐ பக்கம் கொண்டு வந்தா டயர் நீளமா படிஞ்சு வண்டி மணல் மேல மிதந்து போகும். அதுக்கு டயர் பக்கச்சுவர் உயரமா இருக்கணும். நீங்க டாப் வேரியன்ட்டுக்கு 19 இன்ச் ரிம் போட்டு, டயர பட்டையா பக்கச்சுவர் இல்லாம குடுத்திருக்கீங்க, காத்து குறைச்சா ரிம் தரை தட்டுது. கீழ் வேரியன்ட்ல 17 இன்ச் வருது, அதே ஆல் வீல் டிரைவ்தான், தூண்டிலுக்கு போறவனுக்கு அதுதான் சரியான வண்டி, விலையும் கம்மி. கேட்டும் அத காட்டாம மேல இருக்குறத என் தலையில கட்டிட்டாங்க. இப்ப 17 இன்ச்சா மாத்திக் குடுங்கன்னு கேட்டா, "உங்க வேரியன்ட்டுக்கு அப்ரூவல் இல்ல, மாத்துனா வாரண்டி போயிடும்"ங்குறாங்க.

இழுக்குற எடை கணக்குலயும் இதே கதைதான். பிரவுச்சர்ல பெரிய எழுத்துல 1500 கிலோன்னு இருக்கு, அது பிரேக் உள்ள டிரெய்லருக்கு, மேனுவல் கியர் வண்டிக்கு. எனக்கு குடுத்த ஆட்டோமேட்டிக்ல குறைவு, பிரேக் இல்லாத டிரெய்லர்னா 750 கிலோதான். போட், மோட்டார், பெட்ரோல் டேங்க் எல்லாம் சேத்து என் டிரெய்லர் 700 கிலோ, அதுல பத்துல ஒரு பங்கு, அதாவது 70 கிலோ டோ பால் (டிரெய்லர் மாட்டுற குண்டு) மேல உக்காரும், அந்த 70 கிலோவும் வண்டி சுமக்கலாம்னு சொன்ன எடைக்குள்ளதான் சேரும். ரூஃப் லோட் 75 கிலோங்குறதுல ராக்கோட எடையும் அடங்கும். நாலு ஆள், ஐஸ் பாக்ஸ், ரூஃப்ல சாமான்னு கூட்டிப் பாத்தா லிமிட் தாண்டிருது. உங்க ஆள் இது ஒவ்வொண்ணையும் தனித்தனி நம்பரா சொன்னாரு, சேத்து கூட்டணும்னு சொல்லவே இல்ல.

நல்லது இருக்குறதையும் சொல்லிடறேன், பின் சீட் 60:40 மடங்குறதால ராடு நேரா போகுது, நெடுந்தூரம் ஓட்டுனா இடுப்பு வலிக்கிறதில்ல. இந்த வண்டி எனக்கு புடிக்கும், அதனாலதான் வித்துட்டு போகாம உங்களுக்கு எழுதறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். துரு புடிச்ச போல்ட், பிராக்கெட், ஸ்டெப்னி ரிம் எல்லாத்தையும் உங்க செலவுல மாத்திக் குடுங்க, ஸ்டெப்னி குழிக்கு தண்ணி வடியுற மாதிரி வழி பண்ணி, சில் உள்ளயும் மெழுகு அடிச்சு குடுங்க. 17 இன்ச் ரிம்ம என் வண்டிக்கு அப்ரூவ் பண்ணி எழுத்துல குடுங்க, வீல் உள்ள இருக்குற பிரேக் காலிப்பர்ல சின்ன ரிம் இடிக்கும்னா அதயும் அளவோட எழுதுங்க, சும்மா முடியாதுன்னு சொல்லாதீங்க. இனிமே தூண்டிலுக்குன்னு கேட்டு வர்ற ஆளுக்கு லோ ரேஞ்ச் இல்லைங்குறது, வேரியன்ட் வாரியா இழுக்குற எடை, டோ பால் எடை, கடற்கரைல ஓட்டுனா வாரண்டி உண்டா இல்லையாங்குறது எல்லாத்தையும் புக்கிங் பணம் வாங்குறதுக்கு முன்னாடியே ஒரே பேப்பர்ல குடுங்க. வாரண்டி கிடையாதுங்குறதுல நீங்க உறுதியா இருந்தீங்கன்னா அந்த அலை ஓரத்து போட்டோவ பிரவுச்சர்ல இருந்து எடுத்துடுங்க.

ஸ்டெப்னி குழி, அலுமினிய பிராக்கெட் போட்டோ, ஜாப் கார்டு காப்பி, சேல்ஸ் ஆள் கையெழுத்துல இருக்குற அந்த பேப்பரோட காப்பி எல்லாம் இதோட வச்சிருக்கேன். போன்ல கூப்பிட்டு சமாதானம் சொல்ல வேணாம், பதில் எழுத்துல வேணும். 15 நாள்ல வரலைன்னா இதே காகிதங்கள எடுத்துக்கிட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்கு போவேன்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்