புடு ஜெயில் சுவரும் முன்வீட்டு அக்கா மகனும்

மச்சான்,

எப்படி இருக்க? தங்கச்சிக்கு முட்டி வலி குறைஞ்சுச்சா? போன வாரம் போன்ல நீ சொன்னது மனசுலயே கிடக்கு. "ஜெயில்ல இருந்து வந்தவன எதுக்கு ஒர்க்‌ஷாப்ல சேர்த்த, தப்பு பண்ணவன் அனுபவிக்கட்டும்"னியே.

நாம சின்னப் பசங்களா பஸ்ல கோலாலம்பூர் புடு ஜெயில் பக்கம் போவோம், ஞாபகம் இருக்கா, அந்த நீளச் சுவர்ல கைதி ஒருத்தர் வரைஞ்ச கடலும் தென்ன மரமும். 1996ல ஜெயில மூடுனாங்க, 2010ல சுவர இடிச்சாங்க, இப்ப அங்க மால், பழைய கேட்டு மட்டும் நிக்குது. 1986ல ஹெராயின் கடத்துன கேஸ்ல பார்லோ, சேம்பர்ஸ்னு ரெண்டு ஆஸ்திரேலியக்காரங்கள அங்கதான் தூக்குல போட்டாங்க, மாட்டுனது இங்க பினாங்கு ஏர்போர்ட்ல. இனிமே எவனும் போதைத் தூள் பக்கம் போக மாட்டான்னு உங்கப்பா சொன்னார். கடத்தலுக்கு 1983ல இருந்தே கட்டாயத் தூக்கு, ஆனாலும் நம்ம தாமான் குடியிருப்புப் பசங்க எத்தன பேரு தூள் கேஸ்ல உள்ள போனானுங்க! மாட்டுவோம்னு நெனச்சாதான பயம் வரும், தப்பு பண்றப்ப எவன் அப்படி நெனைக்கிறான்? 2023 ஜூலைல இருந்து தூக்கு கட்டாயம் இல்ல, தண்டனையா இன்னும் இருக்கு, ஆனா ஜட்ஜு அதுக்குப் பதிலா ஆயுள் தண்டனை கொடுக்கலாம். எனக்கு அதுதான் சரின்னு படுது, ஒவ்வொரு கேஸையும் பாத்துதான் முடிவு பண்ணணும்.

தண்டனையே வேணாம்னு நான் சொல்லல மச்சான். வெட்டுப்பட்டவனுக்கு கோர்ட்டுல நியாயம் கெடைக்கலன்னா அவன் அண்ணன் தம்பி பாராங் கத்திய தூக்கிட்டு கெளம்பிருவான், அப்புறம் அது தலைமுறைக்கும் ஓயாது. ஆபத்தானவன பூட்டியும் வைக்கணும். ஆனா உள்ள போனவன்ல முக்காவாசிப் பேரு ஒரு நாள் வெளிய வருவான், வந்தா நம்ம தெருவுக்குத்தான் வருவான், அப்ப அவன் எப்படி வரணும்னு யாருமே யோசிக்கிறதில்ல.

இவன் முன்வீட்டு அக்கா மகன், திருட்டு கேஸ். உள்ள வெல்டிங் கத்துக்கிட்டான். பரோல்ல விட்டாங்க, 2008ல வந்த முறை அது, பாதித் தண்டனை முடிச்சவன பரோல் போர்டு பாத்து வெளிய அனுப்பும், ஆனா தண்டனை முடிஞ்சதா அர்த்தம் இல்ல, ஆபீசர் வந்து பாப்பார், சொன்ன நேரத்துல வீட்டுல இருக்கணும், மீறுனா திரும்ப உள்ளதான். மூணு இடத்துல வேல கேட்டான், மூணு பேரும் அப்புறம் கூப்புடுறோம்னாங்க, இன்னும் கூப்புடல. அவன் உள்ள இருந்தப்ப அந்த அக்கா மாசா மாசம் பஸ் ஏறிப் போய் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பேசிட்டு வரும், திரும்பி வந்து யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாது. அது முகத்த பாத்துட்டு எப்படி மச்சான் முடியாதுன்னு சொல்றது?

நாலு மாசம் ஆச்சு. முந்தாநாளு ஒர்க்‌ஷாப் சாவிய அவன் கையில கொடுத்து நாளைக்கு நீ தொறன்னேன், ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டே நின்னான். காலையில நான் போறதுக்குள்ள கூட்டித் தண்ணி தெளிச்சு வச்சிருந்தான்.

தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை கோயிலுக்கு வருவல்ல, அப்படியே கடைக்கு வா. உன் வண்டி எக்ஸாஸ்ட் ஓட்டைய அவனையே ஒட்டச் சொல்றேன், பக்கத்துல நின்னு பாரு.

உன் மச்சான்,
ஜெலுத்தோங்