செவ்வாய்க்கிழமை வாங்கு

அக்கா,

நாளைக்கு விடிய நான் வெளிக்கிடும்போது நீங்கள் படலையடியில் நின்று "எங்க புள்ள போறாய்?" என்று கேட்பீர்கள். இதுவரை ஐந்து தரம் "பிரஷர் கிளினிக்" என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அப்படிச் சொல்லப் போவதில்லை. எனக்குப் பிரஷர் இல்லை. போன தரம் பார்த்தபோது 110க்கு 70. நான் போவது செவ்வாய்க்கிழமை நடக்கிற மனநலக் கிளினிக்குக்கு.

எழுதிவிட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது, பரவாயில்லை.

ஒரே வளவில் இருந்துகொண்டு, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு, அக்காவுக்கு ஏன் கடிதம் என்று வாசிக்கிறவர்கள் நினைப்பார்கள். வாயால் தொடங்கிய ஒவ்வொரு தரமும் நாம் இரண்டு பேரும் தேங்காய் விலையில்தான் போய் முடிந்தோம். முந்தநாள் உங்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன்: "2016இல் ஆஸ்பத்திரியில் உங்களைக் கண்டதை எழுதட்டா?" இரண்டு கோடும் நீலமாகின. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள் முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டது. இரவு எட்டு மணி. விளக்கு வைத்த பிறகு கூட்டக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். பிறகு பதில் வந்தது: "போடு. பேர் வேணாம்."

அதனால் உங்கள் பேர் இல்லை, என் பேர் இல்லை, ஊரின் பேரும் இல்லை. நம் வீட்டில் பேச்சில் இருக்கிற நல்ல காரியத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத மாட்டேன். சொந்தக்காரர் யாராவது இதைக் கண்டுபிடித்தால், இது என் கதை என்று எடுத்துக்கொள்ளட்டும். உங்களிடம் கேள்வி கேட்டு யாரும் வர வேண்டாம்.

2004 மார்கழி 26ஐ, சுனாமி வந்த அந்த நாளை, நான் எழுதத் தேவையில்லை. அது உங்களிடம் இருக்கிறது.

2016 ஆவணியில் நடந்ததை எழுதுகிறேன். மூத்தவனுக்குக் காதில் சீழ். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு காது, மூக்கு, தொண்டை கிளினிக் எது என்று தேடிப் பிழையான விறாந்தையில் ஏறிவிட்டேன். சுவரோரமாக ஒரு நீண்ட வாங்கு. அதில் மூன்றாவது ஆளாக நீங்கள். மடியில் அந்தப் பச்சைத் துணிப்பை, அதிலிருந்து மட்டை போட்ட கிளினிக் கொப்பி ஒன்று வெளியே தெரிந்தது. பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு வயதான அம்மா. நீங்கள் தோடம்பழம் உரித்து, நார் எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர் என்னவோ சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்க.

அந்தச் சிரிப்பு முடியமுதல் முகத்தைத் திருப்பி என்னைக் கண்டீர்கள். சுளையோடு கை அந்தரத்தில் நின்றது.

நான் கிறுகிவிட்டேன். பிள்ளையின் தலையை என் தோளில் அமர்த்திக்கொண்டு, அவன் "பெரியம்மா" என்று கூப்பிட்டுவிடுவானோ என்ற பயத்தில், படி இறங்கி ஓடினேன்.

அன்று பின்னேரம் வேலிக்கு மேலால் இரண்டு தோடம்பழத்தை நீட்டி "புள்ளைக்குக் குடு" என்றீர்கள். "சந்தைக்குப் போனீங்களா?" என்று கேட்டேன். "ஓம்" என்றீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான், அக்கா. நீங்கள் பொய் சொல்லவில்லை. பொய்யை நானே எடுத்து உங்கள் கையில் தந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நீங்கள் "பிரஷர் கிளினிக்" என்று சொல்ல, பிரஷர் கிளினிக் வியாழக்கிழமை என்று தெரிந்துகொண்டே "சரி" என்றேனே, அதற்கும்.

உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் கிறுகினேன் என்று ஒன்பது வருடமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அதில் பாதி உண்மை. நம் ஊரில் யாராவது கொஞ்சம் பிசகினால் "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று, அங்கே இருக்கிற மனநல ஆஸ்பத்திரியை நினைத்து, பகிடி பண்ணுகிறோம். நானும் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த வாங்கில் என் அக்கா இருந்தால் அந்தச் சொல் நம் படலைக்குள் வரும். சின்னவளாக இருந்தேன், பயந்தேன். சின்னவள் என்று சொன்னாலும் அப்போது எனக்கு 29 வயது.

மற்றப் பாதியை உளவளத்துணையாளரிடம் நாலாம் தரம் போனபோதுதான் சொன்னேன். எனக்குப் பொறாமை. சுனாமிக்குப் பிறகு நீங்கள் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். உயர்தரப் பெறுபேறு வந்த அன்று, மூன்று பாடமும் சித்தி, தபாற்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்தவள், முற்றத்தில் உங்களைக் கண்டதும் நின்றுவிட்டேன். உங்களுக்கு முன்னால் சந்தோசப்படக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்த வீட்டில் அது சுவர் மாதிரி நின்றது. தலையிடி என்று சொல்லவும் கூச்சம். உங்கள் துக்கத்துக்குப் பக்கத்தில் எனக்கு எது நடந்தாலும் அது சின்னது. பன்னிரண்டு வருடம் நான் அடக்கி வைத்துக் காத்திருந்த சிரிப்பை நீங்கள் ஏறாவூரோ காத்தான்குடியோ, எங்கோ இருந்து வந்த ஒரு அம்மாவுக்கு ஒரு தோடம்பழத்தோடு கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கோபத்தில்தான் ஓடினேன்.

இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும், அதையும் எழுதிவிடுகிறேன்.

என் விசயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாத பகுதி இதுதான், அல்லது தெரிந்தும் கேட்காத பகுதி. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது தொடங்கியது. இவர் டீசல் வரிசையில் வாகனத்துக்குள்ளேயே படுத்தார். நான் புழுக்கத்தில் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டு கிடந்தேன். வரிசைகள் குறைந்தன, கரண்ட் வந்தது, நாடு மெல்ல மூச்சு விட்டது. எனக்கு மட்டும் இரவு இரண்டு மணிக்கு முழிப்பு நின்றபாடில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும். எழும்பிக் கழுவின சட்டியைத் திரும்பக் கழுவுவேன். பகலில் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் ஒரே காசை மூன்று தரம் எண்ணுவேன். ஒருநாள் காசுக்கட்டளைக்கு வந்த ஐயாவுக்கு ஐயாயிரம் கூடக் கொடுத்துவிட்டேன். அவர் வெயிலுக்குள் திரும்பி நடந்துவந்து கொடுத்துவிட்டுப் போனார். கழிப்பறைக்குள் போய் அழுதேன். இளையவளுக்கு அகப்பையால் அடித்தேன், அவள் தண்ணீர் கேட்டதற்கு.

எனக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. நம் மாவட்டத்தில் ஒன்றும் நடக்காத ஆளுக்குச் சோர்ந்துபோக இடமில்லை. 1990 படுகொலைகளைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், காணாமல்போன பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு வீதியில் இருக்கிற தாய்மார் இருக்கிறார்கள், கடல், பிறகு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. இதற்கு மேல் இங்கே எழுதவில்லை. அந்த வரிசையில் போய் "எனக்கு நித்திரை வருகுதில்லை" என்று எப்படி நிற்பது? முதல் நாளே டொக்டரிடம் "எனக்கு அப்படி ஒரு இழப்பும் இல்லை" என்றுதான் தொடங்கினேன், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "அது இருந்தால்தான் வரணும் என்று இல்லையே, எத்தனை மாதமாக நித்திரை இல்லை?" என்று கேட்டுவிட்டு அவர் எழுதத் தொடங்கினார். இரத்தம் சோதிக்கச் சொன்னார். இரத்தம் குறைந்தாலும் தைரொய்ட் சரியில்லாவிட்டாலும் ஆள் இப்படிச் சோர்ந்துபோகலாமாம், முதலில் அதைப் பார்க்க வேண்டுமாம்.

ஆனால் அந்த முதல் நாள் மூன்று வருடம் பிந்தி வந்தது. அதற்கு உங்களிடம் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

2023இல் என்னைப் பார்வை பார்க்க ஒரு பூசாரி ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனீர்கள். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வார்கள். பாயோடு ஒட்டிய மாதிரித்தான் கிடந்தேன், யாரும் ஒட்ட வைக்காமலே. தேசிக்காய் வெட்டினார், தண்ணீர் ஓதினார், நூல் கட்டினார். அந்தப் பூசாரி ஐயாவைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். என் நெற்றியில் கை வைத்தபோது ஒரு ஆறுதல் இருந்தது, அது பொய்யில்லை. வெளியே வரும்போது அவர்தான் சொன்னார்: "இதோட டொக்டரிட்டயும் ஒருக்காக் காட்டுங்க மனே."

நீங்கள் சொன்னீர்கள்: "அந்தளவுக்கு ஒண்டும் இல்ல."

உங்கள் பையில் உங்கள் குளிசை இருந்திருக்கும், அக்கா. அந்த விறாந்தைக்கு எந்தப் படியால் ஏறுவது, எத்தனை மணிக்குப் போனால் நம்பர் கிடைக்கும், மருந்து எந்த யன்னலில் கொடுப்பார்கள் என்று எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தளவுக்கு ஒன்றும் இல்லை என்றீர்கள். இரண்டு மணிக்கு என் குசினி வெளிச்சம் உங்கள் யன்னலுக்கு நேரே தெரியும். உங்களுக்கும் நித்திரை குறைவு. எத்தனை இரவு பார்த்திருப்பீர்கள்?

ஏன் சொல்லவில்லை என்று தெரியும். 2016இல் நான் கிறுகியதைக் கண்டவர் நீங்கள். இவளிடம் சொன்னால் இவள் இன்னொரு தரம் கிறுகுவாள் என்று நினைத்திருப்பீர்கள். வீட்டில் ஒரு ஆள் போதும், இரண்டாவது ஆளும் போனால் பிள்ளைகளின் நாளைக்கு என்ன ஆகும் என்றும் நினைத்திருப்பீர்கள். சரி, விளங்குகிறது. விளங்கினாலும் நோகிறது.

கடைசியில் எனக்கு வழி காட்டியது ஒரு இலக்கம். 1926. கந்தோர்ச் சுவரில் இருந்த சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் எனக்கென்று வாசிக்கவில்லை. இருபத்துநான்கு மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். ஒரு இரவு கழுவின சட்டியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். அந்த நிறுவகம் இருப்பது அங்கொடையில். நாம் பகிடிக்குச் சொல்கிற அதே அங்கொடையில் இருந்துதான் அந்த நேரத்தில் ஒரு பிள்ளை என்னிடம் "அக்கா, இப்ப பக்கத்தில யாரும் இருக்கினமா?" என்று கேட்டது. அந்தப் பிள்ளைதான் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிளினிக் இருக்கும் என்றும், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னது. பிரதேச செயலகத்துக்கு நான் போகவில்லை. அங்கே பாதிப் பேர் கந்தோருக்கு வருகிற ஆட்கள்.

மருந்து தொடங்கி முதல் இரண்டு கிழமை ஒன்றும் தெரியவில்லை. வாய் காய்ந்தது, விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வேலை செய்ய இரண்டு, நாலு கிழமை எடுக்கும், நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று முதலே சொல்லியிருந்ததால் பொறுத்தேன். மூன்றாம் கிழமை ஒரு நாள் விடியப்புறம் நாலரைக்குத்தான் முழித்தேன். சேவல் கூவிக்கொண்டிருந்தது. அப்படியே கிடந்து கேட்டேன்.

கொரோனா நாட்களில் நீங்கள் போகாமல் விட்டீர்களோ? திரும்பத் தொடங்கினீர்களோ? பதிலை இங்கே எழுத வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள்.

உளவளத்துணையாளர் ஒரு பெண். உங்களை விட இளையவர். நான் நினைத்த மாதிரி அறிவுரை சொல்லவில்லை, "எல்லாத்தையும் மறந்துபோட்டு சந்தோசமா இருங்க" என்று ஒரு தரமும் சொல்லவில்லை. கொப்பியில் நடுவில் கோடு போடச் சொன்னார். இரவில் வருகிற நினைப்பை ஒரு பக்கம் அப்படியே எழுத வேண்டும், "நான் கூடாத தாய்" என்று. மற்றப் பக்கம், அதற்கு என்ன அத்தாட்சி, மாறாக என்ன அத்தாட்சி. அகப்பையை எழுதினேன். பிறகு, அவளுக்கு ஒவ்வொரு இரவும் தலை வாரிப் பின்னிவிடுவதை எழுதினேன். கந்தோரில் வரவு செலவு எழுதுகிறவளுக்கு இது பழகின வேலைதான், ஆனால் என்னை நான் ஒருநாளும் அந்தக் கொப்பியில் ஏற்றியதில்லை. பின்னேரம் நடக்கவும் சொன்னார். வேலை முடிந்து கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு தரம் போய்வருகிறேன். தூண்டில் போடுகிறவர்கள் நிற்பார்கள். வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு போவேன், வரும்போதும் வாவிப் பக்கம்தான். கடல் பக்கம் நீங்கள் பார்ப்பதில்லை என்பதால் நானும் பார்க்காமலே பழகிவிட்டேன். அதையும் அவரிடம் சொல்ல வேண்டும், நாளைக்கு.

சரி, அக்கா. நாளைக்கு ஆறே முக்கால் பஸ். என்னோடு வாருங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் திகதி எது என்றுகூட எனக்குத் தெரியாது. படலையடியில் நின்று வழக்கம்போல "எங்க புள்ள போறாய்?" என்று கேளுங்கள், அது போதும். பையில் இரண்டு தோடம்பழம் வைத்திருக்கிறேன். சுளை உடையாமல் உரிக்க எனக்கு இன்னும் தெரியாது.

உங்கள் தங்கச்சி